முகம் சான்றாகாது

அனந்தபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் இருளர் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அழுக்கேறிய கைலி, எண்ணெய் காணாத தலை, வெயிலில் கறுத்து மெலிந்த உடல், தோளில் மரம் வெட்டும் கோடரி. அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டில் நகை காணாமற்போனால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய குடியிருப்பாகவே இருக்கும். அதே இளைஞர் தலைவாரி, தேய்த்த சட்டை அணிந்து, கையில் மதிப்பெண் பட்டியலுடன் பழங்குடியினர் சான்றிதழ் கேட்டு வருவாய்த் துறை அலுவலகத்தில் நின்றால், 'உன்னைப் பார்த்தால் இருளர் மாதிரி தெரியவில்லையே' என்ற ஐயம் எழும். ஓரிடத்தில் தோற்றம் அவரைக் குற்றவாளியாக்குகிறது. மற்றோரிடத்தில் அந்தத் தோற்றம் இல்லாதிருப்பதே அவரைப் போலியாக்குகிறது.

இந்த இளைஞர் கற்பனை. அவர் அகப்பட்டிருக்கும் பொறி கற்பனையன்று. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஆடைப் பாதியை வைத்து ஆள் முழுவதையும் அளப்பது எத்தகைய தீங்கு என்பதை விழுப்புரம் மாவட்டத்து இருளர்களின் வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டுவது அரிது.

தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மலையாளிகளுக்கு அடுத்தபடியாக எண்ணிக்கையில் பெரிய சமூகம் இருளர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் சுமார் 1.89 லட்சம் பேர். தோடர், கோத்தர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர் ஆகியோருடன் இருளரும் மாநிலத்தின் மிகவும் நலிவுற்ற ஆறு பழங்குடிகளுள் அடங்குவர். செஞ்சி, அனந்தபுரம், விக்கிரவாண்டி, திண்டிவனம், மரக்காணம் என விரியும் சமவெளியில் அவர்கள் மலைவாழ் மக்களாக அல்ல, ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். மரம் வெட்டுதல், செங்கல் சூளை வேலை, அரிசி ஆலை வேலை, கரி மூட்டம் போடுதல், வயலில் எலி பிடித்தல், ஏரியில் மீன் பிடித்தல் ஆகியவை அவர்களின் பிழைப்பு. ஓர் ஊரில் பத்து அல்லது இருபது குடும்பங்கள். நிலமில்லை, எண்ணிக்கை பலமில்லை, ஊர்ப் பஞ்சாயத்தில் குரலில்லை. ஆனால் பார்த்தவுடன் அடையாளம் காணத்தக்கவர்களாக இருக்கிறார்கள். பெயரையே இருளோடும் நிறத்தோடும் இணைத்துப் பொருள் சொல்பவர்களும் உண்டு. பலமின்றி, அடையாளம் மட்டும் மிகுந்திருப்பது ஆபத்தான நிலை.

இதைச் சிலரின் கெட்ட மனம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. மனித மனம் இயங்கும் முறையிலேயே இதன் வேர் இருக்கிறது. அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922இல் எழுதிய 'பொதுக் கருத்து' என்ற நூலில், அச்சகத்தில் பயன்படும் வார்ப்புத் தகட்டின் பெயரை மனத்துக்குப் பொருத்தினார். நாம் மனிதரைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதைக் காட்டிலும், முடிவு செய்துவிட்டுப் பார்ப்பதே மிகுதி என்பது அவர் கருத்தின் சாரம். மனம் முன்கூட்டியே வார்த்து வைத்திருக்கும் அச்சில் எதிர்ப்படும் மனிதர் போய் விழுந்துவிடுகிறார்.

இம்முடிவு எத்துணை விரைவில் நிகழ்கிறது என்பதை 2006இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜெனின் வில்லிஸ், அலெக்சாண்டர் தொடோரோவ் இருவரும் அளந்தனர். முன்பின் அறியாத ஒரு முகத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பத்தக்கவரா இல்லையா என்று பார்ப்பவர் தீர்மானித்துவிடுகிறார். கூடுதல் நேரம் தந்தால் தீர்ப்பு பெரிதும் மாறுவதில்லை. அத்தீர்ப்பின் மீதான உறுதிதான் கூடுகிறது.

இன்னொரு சோதனை இருளர் நிலையோடு நேராகப் பொருந்துகிறது. 1976இல் டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 'அ', 'ஆ' என இரு கற்பனைக் குழுக்களைப் பற்றிய 39 செய்திகளைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தனர். பெரிய குழுவைப் பற்றி 18 நற்செயல்களும் 8 தீச்செயல்களும். சிறிய குழுவைப் பற்றி 9 நற்செயல்களும் 4 தீச்செயல்களும். விகிதம் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் படித்தவர்கள் சிறிய குழுவின் தீச்செயல்களை உள்ளதைவிட மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். அக்குழுவையே தாழ்வாக மதிப்பிட்டனர். அரிதாகக் காணும் மனிதரும் அரிதாக நிகழும் தீமையும் ஒருங்கே வரும்போது, மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. இவ்வளவுக்கும் அக்குழுக்களுக்குப் பெயரில்லை, நிறமில்லை, சாதியில்லை. ஊரின் ஒதுக்குப்புறத்தில், பார்த்தவுடன் தெரியும்படி வாழும் ஒரு சிறு சமூகத்தைப் பற்றி அந்த முடிச்சு எத்துணை இறுகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மனத்தின் பழக்கம் மனத்தோடு நின்றிருந்தால் சேதம் குறைவாக இருந்திருக்கும். அதை அரசு தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டதுதான் பெருங்கேடு. 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தை இயற்றியது. 1911இல் திருத்தி விரிவுபடுத்தப்பட்ட அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் குற்றம் செய்தாரா என்பது கேள்வியன்று. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்பதே கேள்வி. பட்டியலிடப்பட்ட சமூகத்தினர் பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டு நகர அனுமதி பெற வேண்டும். இதை எதிர்த்து நின்ற பிறமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் பெண் ஒருவர் உட்பட 16 பேர் உயிரிழந்தனர்.

அக்காலத்து அறிவியலும் இதற்குத் துணைநின்றது. குற்றவாளிகள் பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள், தாடையும் நெற்றியும் காதும் அதைக் காட்டிவிடும் என்று இத்தாலிய மருத்துவர் செசாரே லோம்ப்ரோசோ 1876இல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளின் மூக்கையும் தலையையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாகச் சாதி, பழங்குடி விவரங்களை வெளியிட்டார். லோம்ப்ரோசோவின் கொள்கையைச் சோதிக்க சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஏறத்தாழ 3,000 சிறைக் கைதிகளை அளந்து, 'குற்றவாளி முகம்' என்று ஒன்று இல்லை என 1913இல் நிறுவினார். அறிவியல் தன் பிழையைத் திருத்திக்கொண்டது. காவல் நிலையத்தின் வாய்மொழி மரபு அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

சென்னை மாகாணத்தில் குற்றப் பழங்குடியினர் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. ஆனால் 1948லேயே சென்னை மாகாணம் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டத்தை இயற்றிக்கொண்டது. சமூகத்தின் பெயர் போய்த் தனிமனிதரின் பெயர் வந்தது. எனினும், யாரை 'வழக்கமான குற்றவாளி' என்று முதலில் ஐயுறுவது என்பதைப் பழைய கண்ணே தீர்மானித்தது. அந்தப் பழைய பட்டியலில் எந்தப் பெயர் இருந்தது, எது இல்லை என்பதுகூடக் காலப்போக்கில் பொருளற்றுப்போனது. ஏழ்மை, கறுப்பு நிறம், நாடோடித் தொழில், புறம்போக்குக் குடிசை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் போதுமானதாயிற்று.

இவ்வாறு உருவாகும் சுழல் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் தன்மையுடையது. திருட்டு நடக்கிறது, துப்பில்லை. முதலில் இருளர் குடியிருப்பில் தேடுகிறார்கள். தேடிய இடத்தில்தான் கைது நிகழும். கைது நிகழ்ந்த இடத்தில்தான் வழக்கு எண் ஏறும். சில ஆண்டுகளில் பதிவேட்டில் அச்சமூகத்தின் பெயர்கள் கூடியிருக்கும். அடுத்த திருட்டின்போது அப்பதிவேடே சான்றாகிவிடும். தேடப்படாத தெருக்களில் இருக்கும் திருடர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிணைக்குச் சொத்துக் காட்டவோ வழக்கறிஞர் வைக்கவோ வழியற்றவர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு வெளியே வரத் துணிந்தால், சுழல் முழுமையடைகிறது.

இதன் உச்சத்தைத் தமிழ்நாடு 1993இல் கண்டது. விருத்தாசலம் பகுதியின் முதனை கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் திருட்டுப் புகாரின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல் துறை சொன்னது. அவர் மனைவியின் போராட்டமும், அப்போது வழக்கறிஞராக இருந்து பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துருவின் ஆட்கொணர்வு மனுவும் உண்மையை வெளிக்கொணர்ந்தன. அவர் காவலிலேயே அடித்துக் கொல்லப்பட்டிருந்தார், காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். 2021இல் வெளியான 'ஜெய் பீம்' திரைப்படத்துக்கு இவ்வழக்கே அடிப்படை. படத்தில் இருளராகக் காட்டப்பட்ட அக்குடும்பம் உண்மையில் இருளர் அல்ல. அந்த மாற்றத்தைக் குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் அம்மாற்றம் பார்வையாளர்கள் எவருக்கும் நம்பத்தகாததாகத் தோன்றவில்லை என்பதே கசப்பான உண்மை. சந்தேகிக்கும் கண்ணுக்கு இன்ன சமூகம் என்ற வேறுபாடே தேவைப்படுவதில்லை.

2011 நவம்பரில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர் பகுதியில், திருட்டு வழக்கு விசாரணை என்று அழைத்துச் செல்லப்பட்ட இருளர் பெண்கள் நால்வர், காவலர்கள் தங்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாகப் புகார் அளித்தனர். காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர், வழக்கும் பதிவாயிற்று. விதிவிலக்கான சூழலில் அன்றிச் சூரியன் மறைந்த பின் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பதும், விசாரணைக்கென்று பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வரவழைக்கக் கூடாது என்பதும் நெடுநாளைய சட்ட விதிகள். ஏரிக்கரைக் குடிசைக்கு அவ்விதிகள் எட்டுகின்றனவா என்ற கேள்வியை அப்புகார் எழுப்பியது. திண்டிவனத்தைக் களமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா. கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய நிகழ்வுகளை வெளிக்கொணர்ந்திராவிட்டால், அவற்றுள் பல புகாராகக்கூட ஆகியிருக்கமாட்டா.

இனி இரண்டாவது அலுவலகத்துக்கு வருவோம். பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இச்சான்றிதழ் இல்லையேல் கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் எட்டாக்கனி. பெற்றோரிடம் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குக் கிடைப்பது எளிது. பள்ளிக்கே போகாத, பட்டாவே இல்லாத பெற்றோரிடம் ஆவணம் எங்கிருந்து வரும்? ஆவணம் இல்லாத இடத்தில் மீண்டும் கண் வேலை செய்யத் தொடங்குகிறது: எப்படி உடுத்துகிறார், எப்படிப் பேசுகிறார், என்ன தொழில், என்ன சடங்கு.

போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வேண்டியது அவசியமே. உண்மையான பழங்குடியினரின் இடத்தைப் பிறர் கவர்வதும் அநீதிதான். அதற்காகவே 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னது. விண்ணப்பதாரரின் பழக்கவழக்கங்கள் அப்பழங்குடியின் மரபோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் முறையும் வழக்கிலானது. ஆனால் 2023 மார்ச்சில் மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் அமைப்பின் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தப் பண்பாட்டு ஒப்புமைச் சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. காலமும் இடப்பெயர்வும் கல்வியும் மனிதரின் பழக்கங்களை மாற்றிவிடும் என்பதை உச்ச நீதிமன்றம் 2011லேயே மற்றொரு வழக்கில் சுட்டியிருந்தது. படித்து முன்னேறு என்று ஒரு கையால் அழைத்துவிட்டு, படித்தவனைப் போல் இருக்கிறாய் என்று மறு கையால் தள்ளுவது நீதியாகாது.

புகழ்ச்சியும் சில வேளைகளில் இதே வார்ப்பாகிவிடுகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைச் சேகரித்து, நச்சுமுறி மருந்து தயாரிப்புக்கு வழங்கிவருகிறது. பாம்புக் கடியிலிருந்து பிழைத்த எத்தனையோ இந்தியர்களின் உயிருக்குப் பின்னால் இருளர் கைத்திறன் இருக்கிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை சென்று மலைப்பாம்புகளைப் பிடித்துத் தந்தனர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். இது பெருமைக்குரியது. ஆயினும் 'இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்' என்று இதைச் சுருக்கிவிட்டால், செங்கல் சூளையில் உழல்பவரும் செவிலியராக விரும்பும் மாணவியும் மீண்டும் கண்ணுக்குத் தெரியாமற்போவார்கள். திருடர் என்ற அச்சுக்கு மாற்று, வித்தைக்காரர் என்ற அச்சன்று.

இத்தகைய அச்சுகள் வெளியிலிருந்து அழுத்துவதோடு நிற்பதில்லை, உள்ளேயும் இறங்குகின்றன. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, 2000களின் நடுப்பகுதியில் வெளியிட்டனர். புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிப்பதுதான் போட்டி. சாதி பற்றிய பேச்சே இல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் உயர்சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகவே விடை கண்டனர். ஒவ்வொருவரின் சாதியும் அனைவர் முன்னிலையில் அறிவிக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சிறுவர்களின் திறன் சரிந்தது. அறிவு மாறவில்லை, தன்னைப் பிறர் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்ற நினைவு மட்டும் குறுக்கே வந்தது. வகுப்பறையில் ஒரு பென்சில் தொலைந்தவுடன் எல்லார் கண்களும் தன் பக்கம் திரும்பும் என்று அறிந்த குழந்தையிடம் எஞ்சிய கவனம் எவ்வளவு இருக்கும்? அது ஒரு நாள் பள்ளியை விட்டு நின்றுவிட்டால், 'அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று மற்றோர் அச்சு அங்கே தயாராக இருக்கிறது.

தீர்வு என்ன? மனம் வார்ப்புகளைச் செய்வதை முழுமையாக நிறுத்த இயலாது. ஆனால் அந்த வார்ப்பு ஓர் ஆணையாக, கைதாக, மறுப்பாக மாறும் இடங்களில் தடை வைக்க இயலும். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதை உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. சீர்மரபினர் தான்தோன்றித்தனமாகக் கைது செய்யப்படாமல் இருப்பதைக் காவல் துறை உறுதிசெய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. நலிந்த பின்னணியில் பிறந்தார் என்பதற்காகவே ஒருவர்மீது சரித்திரப் பதிவேடு தொடங்கப்படுவதை அதே ஆண்டு மற்றொரு வழக்கிலும் அந்நீதிமன்றம் கண்டித்திருந்தது. எனவே, சந்தேகத்தின் பேரில் ஒருவரை அழைத்து வரும்போது எந்தச் செயலால், எந்தத் தடயத்தால் ஐயம் எழுந்தது என்பதை அப்போதே எழுத்தில் பதியச் செய்ய வேண்டும். 'பார்த்தால் சந்தேகமாக இருந்தது' என்பது காரணமாக ஏற்கப்படக் கூடாது. சான்றிதழை மறுக்கும் அலுவலரும் ஆவணம் சார்ந்த காரணத்தை எழுத வேண்டும்; விண்ணப்பதாரரைத் தேடிக் குடியிருப்புக்கே சென்று உறவினர் வழியைக் கேட்டறிய வேண்டும்.

சட்டத்தால் ஆகாத ஒரு பகுதி நம்மிடம் இருக்கிறது. வேறுபட்ட மக்கள் ஒருவரோடொருவர் பழகினால் முன்முடிவு குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். ஆனால் அப்பழக்கம் சமநிலையில் நிகழ வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். நம் ஊர்களில் பழக்கத்துக்குக் குறைவில்லை. வேலியில் முள் வெட்டவும், வயலில் எலி பிடிக்கவும், வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் பிடிக்கவும் இருளரை அழைக்கிறோம். கொல்லைப்புறம் வரை வரச் சொல்கிறோம். திண்ணையில் அமரச் சொல்வதில்லை. வேலை முடிந்து அவர் போன மறுநாள் ஒரு குத்துவிளக்கைக் காணவில்லையென்றால், அது பரணில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரைச் சொல்லிவிடுகிறோம். கொல்லையோடு நிற்கும் பழக்கம் முன்முடிவைக் கரைக்காது, வலுப்படுத்தவே செய்யும். ஒரே வகுப்பறை, ஒரே கூலி, ஒரே கிராம சபை இருக்கை ஆகியவைதாம் அதைக் கரைக்கும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. விசாரணை என்ற சொல்லே சில குடிசைகளில் அச்சத்தின் பெயராக மாறியிருக்கும் காலத்தில், அவ்வாக்கின் பொருளை மீட்டெடுக்க வேண்டிய கடமை காவலருக்கும் வருவாய் அலுவலருக்கும் மட்டும் உரியதன்று. காவல் நிலையத்தில் ஒரு பெயர் எழுதப்படுவதற்கு முன், அதைப் பெரும்பாலும் உச்சரிப்பது ஊரில் ஒருவரின் வாய்தான். சான்று ஏதும் இல்லாதபோது அந்தப் பெயரைச் சொல்லாதிருப்பது, நம்மில் எவரும் இன்றே செய்யக்கூடிய நீதி.